டிஜே தொழிலுக்கு எந்த டிஜிட்டல் டர்ன்டேபிள் வாங்கலாம்?

வீட்டில் சின்ன கன்ட்ரோலரில் பழகிவிட்டேன், இனி தொழிலாகச் செய்ய எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்க்ராட்ச் (ஓடும் தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஒலி எழுப்புவது) செய்வீர்களா, மாட்டீர்களா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

செய்வீர்கள் என்றால் பெல்ட் இல்லாமல் தட்டை நேரடியாகச் சுற்றும் டைரக்ட் டிரைவ் மோட்டார் கட்டாயம். பெல்ட் வைத்த தட்டு வேண்டவே வேண்டாம். கையால் பின்னுக்கு இழுத்தால் பெல்ட் வழுக்கும், விட்டதும் வேகம் பிடிக்கத் திணறும். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் இன்றுவரை மதிக்கப்படுவதற்கு அந்த மோட்டார்தான் முக்கியக் காரணம். அதன் எம்கே2 மாடல் 0.7 நொடியில் முழு வேகத்துக்கு வந்துவிடும். இதோடு டைம்கோட் ரெக்கார்டும் செராட்டோ போன்ற மென்பொருளும் சேர்ந்தால் டிஜிட்டல் ஆகிவிடும். அந்த ரெக்கார்டில் பாட்டு கிடையாது, ஒரு சமிக்ஞை மட்டுமே. ஊசி அதைப் படிக்க, தட்டு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணினி புரிந்துகொண்டு உங்கள் பாட்டு ஃபைலை அப்படியே ஓட்டும். கை உணர்வுக்கு இதற்கு ஈடு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஊசி தேயும், பேஸ் ஒலியின் அதிர்வில் தாவும்.

மிக்ஸிங் (ஒரு பாட்டை அடுத்ததோடு இழைப்பது) மட்டும் போதுமென்றால், ஊசியும் ரெக்கார்டும் இல்லாமல் ஃபைல்களை ஓட்டும் சிடிஜே-3000 போன்ற மீடியா பிளேயர். பெரிய கிளப்புகளில் பெரும்பாலும் சிடிஜே வரிசைதான் இருக்கும். பென்டிரைவோடு போனால் போதும்.

பழைய டர்ன்டேபிள் வாங்கினால் தட்டின் விளிம்பில் ஸ்ட்ரோப் வெளிச்சம் (வேகத்தைச் சரிபார்க்கும் விளக்கு) படும் இடத்தைப் பாருங்கள். வேகம் சரியாக இருந்தால் அதற்கான புள்ளி வரிசை அசையாமல் நிற்கும்.