எத்தனை பேரைக் கேட்டால் போதும்? மாதிரியெடுப்பு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஒரு கோடிப் பேர் உள்ள இடத்தில் 1,000 பேரிடம் மட்டும் கேட்டு முடிவு சொல்வது எப்படிச் சரியாகும்?

பதில்: எல்லோருக்கும் வரும் சந்தேகம். சமவாய்ப்பு முறையில், அதாவது எல்லோருக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருக்கும்படி குலுக்கி ஆயிரம் பேரை எடுத்தால், 95 சதவீத நம்பிக்கையில் பிழை வரம்பு ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி. இப்படி நூறு முறை எடுத்தால், ஏறக்குறைய 95 முறை விடை உண்மையிலிருந்து அந்த அளவுக்குள் இருக்கும். மொத்தம் பத்தாயிரம் பேரோ பத்துக் கோடிப் பேரோ, இந்த எண் பெரிதாக மாறாது. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு பேர் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு சமவாய்ப்பு மாதிரிக்கு மட்டும்தான். ஆகவே எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால், யார் விட்டுப்போனார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: பட்டியலில் ஒவ்வொரு பத்தாவது பெயராக எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். தொடக்கப் பெயரை மட்டும் குலுக்கிப் போட்டு எடுங்கள். பட்டியல் பத்துப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவிலும் தலைவர் பெயர் முதலில் இருந்தால் கதை கெட்டது. உங்கள் மாதிரி முழுக்கத் தலைவர்களாகவே இருக்கும், இல்லாவிட்டால் ஒரு தலைவர்கூட இருக்க மாட்டார்.

கேள்வி: என் ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை?

பதில்: எதை அளக்கிறீர்கள், எவ்வளவு பிழை தாங்கும் என்று சொல்லாமல் எண் மட்டும் கேட்டால் எப்படி? முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: சாய்வு (விடை ஒரே பக்கமாகத் தவறுவது) என்பது மனிதர்களைக் கேள்வி கேட்கும்போது மட்டும்தான் வருமா?

பதில்: நல்ல கேள்வி. வங்காளத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸின் குழு பயிர் விளைச்சலை மதிப்பிட, வயலில் சிறு துண்டுகளைக் குறித்து அறுத்துப் பார்த்தது. துண்டு சிறியதாக ஆக ஆக விளைச்சல் அதிகமாகத் தெரிந்தது. எல்லைக்கோட்டில் நிற்கும் செடியைக் கை தன்னையறியாமல் உள்ளே சேர்த்துவிடுகிறது. சிறிய துண்டில் பரப்பைப் பார்க்க எல்லை நீளம் அதிகம், அதனால் தப்பும் அதிகம். இப்படி ஆயிரம் துண்டு அறுத்தாலும் சராசரி சரியாகாது, ஏனென்றால் எல்லாத் தப்பும் ஒரே பக்கம் சாய்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

கேள்வி: இணையத்தில் விருப்பமுள்ளவர்கள் வாக்களிக்கும் கணிப்பில் 50,000 பேர் கலந்துகொண்டார்கள். நம்பலாமா?

பதில்: வந்தவர்கள் கருத்து தெரியும். வராதவர்கள்?

கேள்வி: இதை நான் ஏற்கவில்லை. எண்ணிக்கை மிகப் பெரிதானால் சாய்வு தானே அடங்கிவிடும்.

பதில்: அடங்காது ஐயா. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. வேட்பாளர்களில் லாண்டன் வெல்வார் என்றது இதழ். எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குடன் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

கேள்வி (அவரே): அது தொலைபேசி, கார் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியல். பட்டியல் கெட்டது, எண்ணிக்கை மேல் ஏன் பழி?

பதில்: பாதி சரி. பாடப்புத்தகங்களும் அதோடு நிறுத்திவிடுகின்றன. 1937-இல் எடுத்த ஒரு கணிப்பை வைத்து 1988-இல் ஆய்வாளர் பெவரில் ஸ்குவையர் அலசிப் பார்த்தார். சீட்டு கிடைத்த அத்தனை பேரும் பதில் போட்டிருந்தால், அந்த இதழேகூட ரூஸ்வெல்ட் வெல்வதைச் சொல்லியிருக்கும் என்று தெரிந்தது. ஆக, பட்டியலும் கோளாறு, பதில் போடாதவர்களும் கோளாறு.

கேள்வி (அவரே): அப்படியானால் பத்துக் கோடிச் சீட்டு அனுப்பியிருந்தால்?

பதில்: பதில் போடும் ஆர்வம் லாண்டன் பக்கமே அதிகம் என்றால், அதே தப்பான விடை இன்னும் திடமாக வந்திருக்கும். எண்ணிக்கை தற்செயல் பிழையைத்தான் குறைக்கும், சாய்வைத் தொடாது. இதற்குமேல் நானும் நீங்களும் மட்டுமே பேசிக்கொண்டிருப்போம், மற்றவர்களுக்கு வழிவிடுங்கள்.

கேள்வி: ஆண், பெண், வயது விகிதம் சரியாக இருந்தால் யாரை வேண்டுமானாலும் கேட்கலாமா?

பதில்: 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் கணிப்பாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். இத்தனை ஆண், இத்தனை பெண் என்ற ஒதுக்கீடு நிரம்பினால் போதும், ஆளைக் கேள்வி கேட்பவரே தேர்ந்துகொள்ளலாம். அவர் கண்ணுக்குச் சுலபமாகப் படுபவரைத்தானே பிடிப்பார்? டூயி வெல்வார் என்றன கணிப்புகள், எதிர்த்து நின்ற ட்ரூமன் வென்றார். விகிதம் சரியாக இருந்தது, விட்டுப்போனவர்கள் வேறு.

கேள்வி: மென்பொருளில் எடையிடுவது (குறைவாக வந்த பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் மதிப்புத் தருவது) எப்படி?

பதில்: அது என் துறை இல்லை. மென்பொருளின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: 500 பேர் போதுமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: எங்கள் குழுவில் 40 பேர். அடுக்கு மாதிரியா (பிரிவுகளாக்கி ஒவ்வொன்றிலும் சிலரை எடுப்பது), கொத்து மாதிரியா (சில கூட்டங்களை மட்டும் குலுக்கி எடுப்பது), எது நல்லது?

பதில்: 40 பேர்தானே? எல்லோரையும் கேட்டுவிடுங்கள்.