நீல் ஜோர்டன் ஒரே படத்தால் பெயர் வாங்கியவர்தானே?

கேள்வி கேட்டவர் 'தி க்ரையிங் கேம்' மட்டும் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. அதையும் நடுவில் வரும் ரகசியத்தை யாரோ போட்டு உடைத்த பிறகுதான் பார்த்திருப்பார். "இந்த அயர்லாந்து இயக்குநர் அதை விட்டால் வேறென்ன செய்தார், பார்க்கத் தகுந்ததா?" என்று கேட்டிருக்கிறார். சாதாரணமாக இந்த மாதிரி கேள்விகளைக் கடந்து போய்விடுவேன். ஆனால் நான் குடியிருப்பது டப்ளினுக்குத் தெற்கே, கடலோரத்தில், ப்ரே என்ற ஊரில். இங்கே இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

முதலில் கணக்கைச் சரி செய்துவிடுவோம். 1950இல் ஸ்லைகோவில் பிறந்த ஜோர்டன் சினிமாவுக்கு வருவதற்கு முன்பே எழுத்தாளர். 1976இல் வந்த சிறுகதைத் தொகுப்புக்கு 1979இல் கார்டியன் புனைகதைப் பரிசு கிடைத்தது. பிறகு ஜான் பூர்மன் 'எக்ஸ்கேலிபர்' எடுத்தபோது அவரோடு சேர்ந்து வேலை பார்த்தார். அந்தப் படம் எங்கள் ஊர் ஆர்ட்மோர் ஸ்டூடியோவைத் தளமாக வைத்து எடுத்தது. பூர்மன் கைகொடுக்க, 1982இல் முதல் படம் 'ஏஞ்சல்'. 1986இல் 'மோனா லிசா' வந்தது, அதில் நடித்த பாப் ஹாஸ்கின்ஸுக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது. இதெல்லாம் நீங்கள் சொல்லும் அந்த 'ஒரே படத்துக்கு' முன்னால்.

அப்புறம்தான் சறுக்கல். பெரிய பட்ஜெட்டில் எடுத்த 'ஹை ஸ்பிரிட்ஸ்' படத்தைத் தயாரிப்புத் தரப்பு அவர் கையிலிருந்து பிடுங்கித் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டியது. அடுத்து டி நீரோ, ஷான் பென் இருவரையும் வைத்து எடுத்த படமும் ஓடவில்லை. வேறு ஒருவராக இருந்தால் ஹாலிவுட்டிலேயே தொங்கிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு மசாலா எடுத்திருப்பார். இவர் ஊருக்குத் திரும்பி, 1991இல் 'தி மிரக்கிள்' என்று ஒரு சின்னப் படம் எடுத்தார். கதை நடப்பது இதே ப்ரேயில், இதே கடற்கரை நடைபாதையில். அடுத்த வருஷம் 'தி க்ரையிங் கேம்'. பிரிட்டனில் கண்டுகொள்ள ஆளில்லை, அமெரிக்காவில் 6 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள், அதில் திரைக்கதைக்கு விருது. எழுத்தாளருக்குக் கிடைத்த விருது அது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது என் கதை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். ஒருநாள் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது பேச்சு சினிமா பக்கம் போனது. "நான் 'மைக்கேல் காலின்ஸ்' படத்தில் இருக்கிறேன்" என்றார். அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் காலின்ஸைப் பற்றி ஜோர்டன் எடுத்த படம் அது. 1920 நவம்பர் 21, டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் பிரிட்டிஷ் படைகள் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியை ஜோர்டன் எடுத்தது எங்கள் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள கார்லைல் கால்பந்து மைதானத்தில். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் காசு பணம் எதிர்பார்க்காமல் போய் நின்றவர்களில் இவரும் ஒருவர். கம்பளிக் கோட்டும் தட்டைத் தொப்பியும் மாட்டிவிட்டார்களாம். கதையில் நவம்பர் குளிர், வெளியே 1995 கோடை வெயில். கோட்டுக்குள் வெந்துபோனேன் என்று இன்னும் குறைப்படுகிறார்.

டீ கொடுத்து டிவிடியைப் போட்டார். கவச வண்டி மைதானத்துக்குள் புகுந்து சுடும் இடத்தில் நிறுத்தி, "இது பொய். வண்டி உள்ளே வரவே இல்லை" என்றார். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் நிறுத்தினார். காலின்ஸுக்கு உளவு சொன்ன போலீஸ்காரர் நெட் பிராய் படத்தில் சித்திரவதையில் சாகிறார்; அவர் நிஜத்தில் போலீஸ் தலைவராகி, 1972 வரை வாழ்ந்தவர். இதெல்லாம் தெரிந்தும் ஏன் இத்தனை தடவை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "என் அப்பா காலின்ஸ் கட்சி, அம்மா வீட்டார் உள்நாட்டுப் போரில் அவரை எதிர்த்து நின்ற டி வலேராவின் கட்சி. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். இந்தப் படம் வந்த பிறகுதான் சாப்பாட்டு மேசையில் வாய் திறந்தார்கள்" என்றார்.

வரலாற்றைத் திரித்தது சரியா என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். சரி என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏவின் ஆதரவாளன் என்ற முத்திரையும் எனக்கு வேண்டாம். ஆனால் 80களின் தொடக்கத்தில் எழுதிய திரைக்கதையைப் பத்து வருஷத்துக்கு மேல் கையில் வைத்திருந்து, தான் எடுத்த 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' படத்தின் வெற்றியைக் காட்டி ஹாலிவுட் காசை வாங்கி, ஊரையே கூட்டி எடுத்த படம் அது. வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியது. அவ்வளவு வன்முறை இருந்தும், பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று அயர்லாந்து தணிக்கை அதிகாரி பிஜி சான்றிதழ் கொடுத்தார்.

    

எதிலிருந்து தொடங்குவது என்றால், என் ஓட்டு 'தி புட்சர் பாய்' படத்துக்கு. 1997இல் வந்தது, பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றது. சின்ன ஊர்ப் பையன் ஒருவன் புத்தி பேதலித்துப் போவதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி வயிற்றைக் கலக்கும். மேரி மாதாவாக வருவது பாடகி ஷினேட் ஓ'கானர். அடுத்து 'மோனா லிசா'. 'மார்லோ' மாதிரி பிற்காலப் படங்களுக்கு அவசரமில்லை, இதற்காக அவருடைய ரசிகர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. வசன வழக்கு கடினம், சப்டைட்டில் போட்டே பாருங்கள். இங்கே இத்தனை வருஷம் இருந்தும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.