வளைந்த முதுகுக்கு வலதும் இடதும் ஒன்றல்ல

கேள்வி: எனக்கு வயது 34. பள்ளியில் படிக்கும்போதே முதுகுத்தண்டு வலது பக்கமாக வளைந்திருக்கிறது என்றார்கள். இப்போது எடுத்த எக்ஸ்-ரேயில் மேல்முதுகு வளைவு 24 டிகிரி. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. மாலையானால் வலது தோள்பட்டைக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. உடற்பயிற்சி செய்தால் வளைவு நிமிருமா?

பதில்: நிமிராது. வளர்ச்சி முடிந்த எலும்பை எந்தப் பயிற்சியும் நேராக்காது; நேராக்கும் என்று சொல்லி விற்கும் பெல்ட்டுக்கும் இதே பதில்தான். ஆனால் வலியை நன்றாகவே குறைக்கலாம். 30 டிகிரிக்குக் குறைவான வளைவு, வளர்ச்சி நின்றபின் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். 50 டிகிரியைத் தாண்டியதுதான் வருடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி கூடக்கூடியது. எனவே பயத்தை விட்டுவிட்டு வலியைக் கவனிப்போம்.

உங்கள் முதுகில் வலது பக்கம் புடைத்திருக்கும். அங்குள்ள தசைகள் நீண்டுபோன நிலையிலேயே நாள் முழுக்கப் பாரம் தாங்கிச் சோர்ந்துவிடுகின்றன. மாலை வலி அதனால்தான். இடது பக்கம் குழிந்து, தசைகள் சுருங்கி, விலா எலும்புகள் நெருங்கிக் கிடக்கும். ஆக, இடதுக்கு நீட்சி, வலதுக்கு வலு. 'இரண்டு பக்கமும் சமமாகச் செய்' என்ற பொது அறிவுரை உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். கீழ்முதுகில் எதிர்ப்பக்கமாக இன்னொரு வளைவு இருப்பதும் சகஜம். அதனால் தொடங்குமுன் எக்ஸ்-ரேயை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிப் பக்கங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் உடம்பைச் சூடாக்க: கை, முழங்கால் ஊன்றி நின்று, முதுகைப் பூனைபோல மேலே வளைத்து, பிறகு மெதுவாகத் தளர்த்துங்கள். 8 முறை போதும்.

அடுத்தது உங்களுக்கு மிக முக்கியமானது. முழங்காலிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து, முன்னால் குனிந்து கைகளைத் தரையில் நீட்டுங்கள். பிறகு இரண்டு கைகளையும் வலது பக்கமாக நகர்த்துங்கள். இடது விலாப்பக்கம் விரிவது தெரியும். பிட்டம் குதிகாலை விட்டு எழக்கூடாது. எழுந்தால் நீட்சி முதுகுக்குப் போகாமல் தோளிலேயே நின்றுவிடும். அந்த நிலையில் மூக்கால் மூச்சை இழுத்து, குழிந்த இடது முதுகுக்குள் காற்றை அனுப்புவதுபோல் நினையுங்கள். இடது விலாவில் யாராவது உள்ளங்கையை வைத்தால், அந்தக் கையை மூச்சால் தள்ளப் பழகலாம். 5 மூச்சு, 3 முறை. மூச்சை அடக்காதீர்கள்.

வலுவுக்கு இரண்டு பயிற்சிகள். கை, முழங்கால் ஊன்றிய நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டி 5 விநாடி நிறுத்தி, பிறகு மாற்றுங்கள், பக்கத்துக்கு 6. காலை உயரத் தூக்கும் ஆசையில் இடுப்பு சாய்ந்து கீழ்முதுகு குழிவதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. இடுப்பின்மேல் ஒரு காலி பிளாஸ்டிக் டம்ளரை வைத்துச் செய்து பாருங்கள். விழுந்தால் கால் விரலைத் தரையிலேயே வைத்துப் பின்னால் இழுத்தால் போதும். இரண்டாவது, வலப்பக்கமாகப் படுத்து, முழங்கால்களை மடக்கி, வலது முழங்கை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. 10 விநாடியில் தொடங்கி, வாரத்துக்கு 5 விநாடி கூட்டி, 30 விநாடி வரை போகலாம், 3 முறை. தோள் காதை நோக்கி ஏறினால் இறக்கிவிட்டு ஓய்வெடுங்கள்.

வாரத்துக்கு 5 நாள், 15 நிமிடம். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அது நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வேகமாகத் திருகும் பயிற்சி, பின்னால் ஆழமாக வளையும் ஆசனம், தலைக்குமேல் கனமான எடை இவை இப்போதைக்கு வேண்டாம். வேலையில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். 15 நிமிடப் பயிற்சி மட்டும் எட்டு மணி நேர உட்காரலை ஈடுகட்டாது.

கால் மரத்துப்போவது, பலமிழப்பது, தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலி, காரணமில்லாத காய்ச்சல் அல்லது எடை குறைவு இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழந்தால், தொடையிடுக்கு மரத்தால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.