சி.டி. ஆஞ்சியோவை நம்பலாமா, குழாய் விட்டுத்தான் பார்க்கணுமா?

நடந்தால் அப்பாவுக்கு நெஞ்சு இறுக்குகிறது, டாக்டர் சி.டி. ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன், எழுதியிருக்கிறார், அதை நம்பலாமா, இல்லை கையிலோ தொடையிலோ மெல்லிய குழாயை விட்டு எடுக்கும் ஆஞ்சியோதான் வேணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம். அதிலும் பெரிய அடைப்பு இல்லை என்று அது சொன்னால் நிம்மதியாகவே நம்பலாம். போன வருஷம் குடியாத்தத்திலிருந்து எங்கள் நைனாவை இதற்காகத்தான் வேலூருக்குக் கூட்டிப்போனேன். வயது 64, லுங்கித் தறி ஓட்டியவர்.

ஸ்கேனைவிட நாடியை இறக்கத்தான் நேரம் பிடித்தது. பஸ்ஸில் வந்து வெயிலில் நடந்தவருக்குத் துடிப்பு 88. இதயமோ ஓயாமல் ஆடுகிறது; அதன்மேல் ஓடும் ரத்தக்குழாய் மூன்று நாலு மில்லிமீட்டர் அகலம்தான். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இதயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி வயர் வழியாக மெஷின் அந்த நேரத்துப் படத்தைப் பிடிக்கிறது. துடிப்பு குறையக் குறைய அந்த ஓய்வு நீளும், படம் கலங்காது. துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரொலால் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். 62க்கு வந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். அன்றைக்கு டீ, காபி கூடாது என்பதும் இதற்காகத்தான்.

மூச்சை இழுத்துப் பத்து நொடி அடக்குவதை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். கை நரம்பில் ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான அயோடின் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். எங்கள் நைனாவிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. துணி நனைந்துவிட்டதென்று நினைத்து வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நீங்கள் சொல்லிவையுங்கள்.

இதயத்தின் முன்பக்கம் இறங்கும் ரத்தக்குழாயில் 30 சதவீதச் சுருக்கம் என்று வந்தது. அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற கம்பிவலை தேவைப்படவில்லை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை ஆரம்பித்தார்கள், பீடியை விட்டார். குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோவில் ரத்தம் ஓடும் வழிதான் தெரியும். சி.டி.யில் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பும் சுண்ணாம்பும் தெரிகிறது, வழி இன்னும் அடைபடாதபோதே. ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஆய்வில், இந்த ஸ்கேனும் சேர்த்து எடுத்தவர்களில் ஐந்து வருஷத்தில் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது 2.3 சதவீதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 3.9. படிவைக் கண்ணால் பார்த்ததும் மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கியது முக்கியக் காரணம் என்கிறார்கள்.

சுண்ணாம்பு மிகுதியாக இருந்தாலோ சின்ன ஸ்டென்ட் ஏற்கனவே இருந்தாலோ படத்தில் அந்த இடம் ஊதித் தெரியும். அப்போது குழாய் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஸ்டென்ட் வைப்பதும் அந்த வழியில்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து வியர்த்துக்கொட்டினால் மட்டும் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.