சினிமா நட்சத்திரம் தூதராக முடியுமா?

காரைக்குடித் தம்பி ஒருவர் கேட்கிறார்: "சினிமாவில் நடித்தவர் ஒரு நாட்டுக்குத் தூதராக முடியுமா? அப்படி யாராவது இருந்தார்களா?" 1940களில் ஏ.வி.மெய்யப்பன் ஸ்டூடியோ நடத்திய ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்குச் சந்தோஷம்.

இருந்தார்கள். அமெரிக்காவின் ஷெர்லி டெம்பிள். 1935 முதல் 1938 வரை ஹாலிவுட் வசூலில் முதலிடம் இந்தச் சிறுமிக்குத்தான். 22 வயதில் நடிப்பை விட்டார். 1967-இல் தேர்தலில் நின்று தோற்றார். அப்புறம் 1969-இல் ஐ.நா. பொதுச்சபைக்குச் சென்ற அமெரிக்கக் குழுவில் இடம், 1974-இல் கானாவுக்குத் தூதர்.

அமெரிக்காவில் அதிபர் பெயரை முன்மொழிந்து, செனட் என்ற மேலவை ஒப்புக்கொண்டால் சரி, நம் வெளியுறவுப் பணி (ஐ.எஃப்.எஸ்.) போலத் தேர்வு எழுதி வரவேண்டியதில்லை. அதனால் புகழுக்காகக் கிடைத்த பதவி என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். காரணம், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக். 1968 ஆகஸ்டில் ஒரு மருத்துவ அமைப்பின் வேலையாக அங்கே போயிருந்தார். சோவியத் டாங்கிகள் உள்ளே நுழைந்ததைக் கண்ணால் பார்த்தார். 1989-இல் அதே செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் தூதராகவே போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்தது. 1992 வரை அங்கே பணியாற்றினார்.

உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால், நம் நாட்டில் வழக்கமான வழி யு.பி.எஸ்.சி. தேர்வுதான், தம்பி.