வளவில் ஆர்க்கிட், மங்குத் தட்டில் இக்கெபானா: கேள்வி பதில்

கேள்வி (பள்ளத்தூர்): ஆச்சி, சென்னையில் வாங்கி வந்த பெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஒருமுறை பூத்ததோடு சரி, இரண்டு ஆண்டுகளாக இலை மட்டுமே விடுகிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தில் குறையில்லை, நம் ஊர் இரவில்தான் குறை. பெலனாப்சிஸ் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்களேனும் ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழான குளிர்ச்சி வேண்டும். நமக்கு அது மார்கழியிலும் தையிலும்தான் வாய்க்கிறது. அந்த நாட்களில் செடியை அறைக்குள் அடைத்து வைக்காமல், வளவின், அதாவது நடு முற்றத்தின், தாழ்வாரத்தில் நேர்வெயில் படாத இடத்தில் விட்டுவையுங்கள். புதிதாக வாங்குபவர்கள் வெப்பம் தாங்கும் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையில் தொடங்குவதே நல்லது.

கேள்வி (தேவகோட்டை): நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் ஆர்க்கிட்டின் வேர் அழுகுகிறதே?

பதில்: நாள் தவறாமல் ஊற்றியதால்தான் அழுகுகிறது. நானும் இப்படி இரண்டு செடிகளைக் கொன்றவள்தான். காட்டில் மரக்கிளையைப் பற்றி வாழும் இச்செடியின் வேரைப் பஞ்சு போன்ற ஓர் உறை மூடியிருக்கிறது. அது காய்ந்தால் வெள்ளிச் சாம்பல் நிறமாகவும், நனைந்தால் பச்சையாகவும் தெரியும். வேர் பச்சையாக இருக்கும்வரை தண்ணீர்ச் சொம்பைத் தொடாதீர்கள். செம்மண்ணும் வேண்டாம், அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வேரில் வெள்ளையாகப் படியும் என்பதால், வளவில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வையுங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான்): இக்கெபானா என்ற ஜப்பானிய மலர் அலங்காரத்துக்கு ஜப்பானியத் தட்டு கட்டாயமா? கிளைகளின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: பரணில் கிடக்கும் மங்குத் தட்டே போதும். கென்சான் எனப்படும், பித்தளை ஊசிகள் பதித்த கனமான அடிக்கட்டையை மட்டும் வாங்க வேண்டியிருக்கும். 1927இல் தொடங்கிய சோகெட்சு என்ற இக்கெபானாப் பள்ளியின் அடிப்படைக் கணக்குப்படி, தட்டின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் முதற்கிளையின் நீளம் கிடைக்கும். 30 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் உள்ள தட்டுக்கு அது 54 செ.மீ.; இரண்டாவது அதில் முக்கால் பங்கு, மூன்றாவது இரண்டாவதில் முக்கால் பங்கு. முதலிரண்டுக்கும் கொல்லையிலுள்ள மாதுளங்கிளையைச் சாய்வாக வெட்டியும், மூன்றாவதற்கு டென்ட்ரோபியத் தண்டை நேராக வெட்டியும் ஊசியில் செருகுங்கள். தட்டின் பாதி வெறும் நீராகவே இருக்கட்டும். கலியாண வீட்டு மேடைபோல நிரப்பிவிட்டால் அது இக்கெபானா ஆகாது.

கேள்வி (காரைக்குடி): இக்கெபானாவைத் தியானம் என்கிறார்கள். எனக்கோ கைவேலைக்கு நடுவிலும் மனம் அலைகிறது.

பதில்: கியோட்டோவின் ரொக்ககுடோ கோயிலில் புத்தருக்கு மலர் படைத்த துறவிகளிடமிருந்து இக்கெனோபோ என்ற இக்கெபானா மரபு வளர்ந்தது. ஆனால் நமக்குத் துறவு தேவையில்லை. கிளையைக் கையில் எடுத்ததும் வெட்டாமல், மெல்லச் சுழற்றி, வெயிலை நோக்கி வளர்ந்த முகம் எது என்று தேடுங்கள். வெட்டிய கிளை ஒட்டாது என்ற நினைப்பே, கத்தரியைப் பிடித்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மனத்தைப் பிடித்து நிறுத்தும். பிறகு அலைந்தால் அலையட்டும்.

கேள்வி (கண்டனூர்): வெட்டிய பூ எத்தனை நாள் நிற்கும்?

பதில்: தண்டின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி, நாள்தோறும் நீரை மாற்றினால், டென்ட்ரோபியம் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். மின்விசிறிக்கு நேரே மட்டும் வைக்காதீர்கள்.