ஜப்பானியச் சரித்திரப் படங்களுக்குப் பொருள் வாடகைக்கு விடும் குடும்பங்கள் ஏன் இன்னும் தொழிலைக் கைவிடவில்லை?

கணினி வரைகலையும் முப்பரிமாண அச்சும் வந்த பிறகு இந்தப் "பழைய சாமான் கடைகள்" எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கலை இயக்கம் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அந்தச் சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

கியோட்டோவில் படித்தபோது, சினிமா ஸ்டூடியோக்கள் உள்ள உஸுமசா பகுதியில் அப்படியொரு குடும்பத்தின் கிடங்கில் பகுதிநேர வேலை பார்த்தேன். மாணவர் விசாவில் எப்படி வேலை என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் விளம்பரத்தை விரும்பாதவர்கள்.

இந்தத் தொழில் சினிமாவுக்கும் மூத்தது. டோக்கியோ அசாகுசாவில் 1872இல் தொடங்கிய ஃபுஜினாமி குடும்பத்தார் முதலில் கொடுத்தது கபுகி என்ற மரபு நாடக மேடைக்கு. சாமுராய்களின் ஆட்சி முடிந்து, 1876இல் வாள் அணிவதற்கும் தடை வந்தது. தலைமுறைகளாக வீட்டில் இருந்த கவசமும் வாளும் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்த காலம் அது. கியோட்டோவின் கோஸு ஷோகாய் என்ற வாடகை நிறுவனம் 1918இல் தொடங்கி நூறாண்டைக் கடந்துவிட்டது. நான் வேலை பார்த்த இடம் அவ்வளவு பெரியதில்லை. மூன்றாம் தலைமுறை முதலாளி, அவருடைய தாயார், இரண்டு லாரி, நாங்கள் சில பேர், அவ்வளவுதான். தாயாரை நாங்கள் ஒகாமிசான், அதாவது கடையின் எஜமானி, என்று அழைப்போம்.

ஒருநாள், 1600ஆம் ஆண்டு செகிகஹாரா போருக்குச் சற்று முன்பு நடக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பட்டியல் வந்தது. அதில் "காசுச் சரம்" என்றொரு வரி. நடுவில் சதுரத் துளையுள்ள செப்புக் காசுகளை வைக்கோல் கயிற்றில் கோத்தது. படப்பிடிப்பிலிருந்து வந்த இளைஞர் இழுப்பறையைத் திறந்து ஒரு சரத்தை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார். ஒகாமிசான் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் ஒரு காசின் முகத்தைத் துடைத்தார். துளையைச் சுற்றி நான்கு எழுத்துகள். "இது கன்எய் காசு. இது பிறக்க இன்னும் முப்பத்தாறு வருடம் இருக்கிறதே, தம்பி" என்றார். கன்எய் காசை அரசு முறையாக வார்க்கத் தொடங்கியது 1636இல்.

யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் அந்த இளைஞர். ஒகாமிசான் கோபப்படவில்லை. கீழ் இழுப்பறையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே எய்ராகு காசுகள். சீனாவில் மிங் அரசர் காலத்தில் வார்த்து, ஜப்பானில் அந்த நாள்களில் புழங்கியவை. மாதந்தோறும் 21ஆம் தேதி தோஜி கோயிலில் கூடும் சந்தையில் அவருடைய மாமனார் ஒன்றிரண்டாகச் சேர்த்தவை. முழுச் சரத்துக்குப் போதவில்லை. கேமரா பக்கம் அசல், மறுபக்கம் வார்ப்பு நகல் என்று என்னையே கோக்கச் சொன்னார். கயிறு புதிதாகத் தெரியக்கூடாது என்று தேயிலைச் சாற்றில் நனைத்து உலர்த்தினோம். ஜப்பானில் 2018 டிசம்பரிலிருந்து 4கே, 8கே என்ற மிகத் துல்லியமான ஒளிபரப்பு நடக்கிறது. காசின் எழுத்தை வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: அவர்கள் வாடகைக்கு விடுவது எந்தப் பொருள் எந்த வருடத்தில், யார் வீட்டில் இருக்கும் என்ற அறிவை. குடும்பமே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் தாழ்வான மேசையை எடோ காலக் (1603–1868) கதையில் வைக்க முடியாது. அது பரவியது அடுத்து வந்த மெய்ஜி காலத்தின் (1868–1912) இறுதியிலும் அதற்குப் பிறகும்தான். அதற்கு முன் ஆளுக்கொரு சிறு பெட்டி. கிண்ணமும் குச்சியும் உள்ளே, மூடியைத் திருப்பி வைத்தால் அதுவே தட்டு. கரி அடுப்புப் பெட்டியில்கூட ஒசாகா வீட்டுக்குரியதில் சுற்றிலும் அகலமான பலகை விளிம்பு இருக்கும், டோக்கியோ வீட்டுக்குரியதில் இருக்காது. முப்பரிமாண அச்சில் வடிவம் வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் வார்ப்பிரும்புக் கெண்டியின் கனம் வராது. வெறும் பிளாஸ்டிக்கைத் தூக்குகிற நடிகரின் மணிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

2024இல் எம்மி விருதுகளை அள்ளிய "ஷோகன்" என்ற ஜப்பானியச் சரித்திரத் தொடர் கனடாவில்தானே எடுக்கப்பட்டது என்று சிலர் வருவார்கள். உண்மைதான். அங்கேயும் விவரம் தெரிந்த ஜப்பானியர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எடுத்தார்கள்.

தொழில் செழிப்பாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 1958இல் ஜப்பானில் திரையரங்குக்குப் போனவர்கள் 112 கோடிக்கும் மேல். பிறகு கூட்டம் குறைந்து, 1971இல் தாய்எய் என்ற படத் தயாரிப்பு நிறுவனமே திவாலானது. 2011இல் "மிட்டோ கோமோன்" தொடர் முடிந்ததோடு வாராவாரம் வந்த சரித்திரத் தொடர்களின் வேலையும் வற்றியது. இப்போது எங்கள் கிடங்கில் அதிகம் வெளியே போவது வாளும் கவசமும் அல்ல, கறுப்புத் தொலைபேசி, கால் வைத்த தொலைக்காட்சிப் பெட்டி போன்றவை. பழைய வீடு இடிக்கிறார்கள் என்று தகவல் வந்தால் முதலாளி சாப்பாட்டை விட்டுவிட்டு லாரியை எடுப்பார்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் எனக்கு வாடகைக்கு அறை கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. வெளிநாட்டவர் என்றதும் தரகர் கோப்பை மூடிவிடுவார். கொடுப்பவர்களும் முன்பணம் போக, திரும்பி வராத "நன்றிப் பணம்" ஒன்றும் கேட்டார்கள். உத்தரவாதத்துக்கு ஒரு ஜப்பானியர் வேறு வேண்டும். இதை எழுதினால் "விருப்பமில்லையென்றால் ஊருக்குத் திரும்புங்கள்" என்று சொல்ல இங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். வாடகையை ஒரு நாளும் தவறவிடாதவனுக்கு ஏன் அந்த அவமானம் என்றுதான் கேட்கிறேன். எனக்காகக் கையெழுத்துப் போட்டவர் அந்த முதலாளிதான். நான் கேட்கக்கூட இல்லை.

நீங்கள் உண்மையிலேயே படம் எடுக்கப் போகிறவரென்றால், அந்தக் கிடங்குகளுக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். கதை நடக்கும் வருடம், ஊர், அந்த வீட்டுக்காரரின் தொழில், வருமானம் நான்கையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பொருள்களின் பட்டியலை அவர்களே போட்டுத் தருவார்கள்.